எட்டு வாசலும் ஒரு பெயரும்

ஜனவரி 8, திங்கள். திருவனந்தபுரம் விமான நிலையம்.

முப்பத்தொரு வருஷம் வகுப்பில் பெயர் வாசித்து வருகை எடுத்தவள் நான். இன்று என்னை ஒரு எண்ணாக்கிவிட்டார்கள். இருபத்தேழு. "இருபத்தாறு" என்று முன்னால் நிற்கிறவர் கத்தியதும் நான் கத்த வேண்டும். எருசலேம் மதிலுக்கு எட்டு வாசலாம். ஒவ்வொரு வாசலுக்கும் வெளியே ஒரு தரம், உள்ளே ஒரு தரம் இப்படி எண்ணுவார்களாம்.

எண்ணுகிறவன் ஜெபசிங், என் கொழுந்தன். கிருபாபுரம் சபையிலிருந்து வருஷா வருஷம் பரிசுத்த பூமிக்கு ஆள் கூட்டிப் போகிறவன் அவன்தான். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் தோள்பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். இழுக்கும்போது இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பார்க்கட்டும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவன் கூட்டிப்போன முதல் பயணத்தில் திரும்பி வராத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தானே.

ஊரில் கேட்டவர்களிடம் "வாசல்களைப் பார்க்கப் போகிறேன்" என்றேன். நல்ல பதில்தான். நெகேமியா புத்தகத்தில் ஒவ்வொரு வாசலையும் யார் கட்டினார்கள் என்று இருக்கிறது, நேரில் பார்க்க ஆசை என்றேன். தலையாட்டினார்கள்.

உண்மையை இங்கேயாவது எழுதலாம். என் மகள் பெனிட்டாவுக்கு பிப்ரவரி எட்டாம் தேதி கல்யாணம். அட்டை அச்சடிக்க வேண்டும். மணப்பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் "திரு" போடுவதா, "காலஞ்சென்ற" போடுவதா? மாப்பிள்ளையின் அம்மா நேராகவே கேட்டுவிட்டார். "இருந்தா மேடையில நிக்கட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க டீச்சர்." இருபத்தொன்றாம் தேதி கோயிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு எங்கள் போதகர் ஐயரவர்கள் சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. ஐயரவர்களோ, "ஓலையில நான் பொய் வாசிக்க முடியாதும்மா. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். எங்கே போய், எதைப் பார்ப்பது? சொல்லவில்லை.

ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் கோர்ட்டில் எழுதி வாங்கிவிடலாம் என்று வக்கீல் எப்போதோ சொன்னார். கை வரவில்லை. பதினொரு வருஷமாக நான் சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு.

ஒன்று கவனித்தேன். பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து. பதினான்கு யாரும் இல்லை. நாங்கள் நாற்பது பேர், கடைசி எண் நாற்பத்தொன்று.

ஜனவரி 10, புதன்.

ஜோர்தான் வழியாக வந்தாயிற்று. முழங்கால் வலி. இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. பெனிட்டா வாட்ஸ்ஆப்பில் அட்டையின் மாதிரி அனுப்பியிருக்கிறாள். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு புள்ளி.

ஜனவரி 11, வியாழன்.

முதல் வாசல், யோப்பா வாசல். மதில் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். நம்மூர்க் கோட்டைச் சுவர்களை விட இது என்னைச் சின்னவளாக்கியது. வாசலுக்குப் பக்கத்தில் மதிலையே உடைத்து ரோடு விட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு ஐரோப்பிய ராஜா வண்டியை விட்டு இறங்காமல் உள்ளே வர வேண்டும் என்று உடைத்தார்களாம். ராஜாவுக்கு வாசல் போதவில்லை. இப்போது அந்த வழியாக டாக்சி போகிறது.

வழிகாட்டி இங்கிலீஷில் சொல்ல, ஜெபசிங் தமிழில் சொன்னான். பழைய வாசல்கள் நேராக இருக்காது. உள்ளே நுழைந்ததும் ஒரு வளைவு, திரும்பித்தான் ஊருக்குள் போக முடியும். எதிரியின் குதிரை ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்துவிடக் கூடாதே. நல்ல யோசனை. ஆனால் உள்ளே இருந்து ஓடுகிறவனை வளைவு தடுக்காது போலிருக்கிறது. இதை ஜெபசிங்கிடம் சொன்னேன். அவன் காதில் விழாதது போல் எண்ணத் தொடங்கினான்.

பிறகு சீயோன் வாசல். சுற்றிலும் துப்பாக்கிக் குண்டு பட்ட குழிகள், அம்மைத் தழும்பு போல. எல்லாரும் விரலை விட்டுப் பார்த்தார்கள். நானும் விட்டேன்.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலம். சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல். நான்கு நாளுக்குப் பிறகு சோறு கண்டதும் நாற்பது பேரும் அடித்துப் பிடித்து வாங்கினோம். சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் தூக்கல். இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. ஜெபசிங்கிடம் மீதி இருந்த ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கே வாங்கினாய் என்றதற்கு "இங்க ஒரு விடுதியில இந்தியச் சாப்பாடு செய்தாவ மைனி" என்றான். வேறு யாரையும் கூடவர விடாமல் தனியே போய்த் தூக்கி வந்தான்.

பொட்டலத்தின் மேல் நூல் கட்டியிருந்த விதம் நேர்த்தி. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மேலே விரல் நுழைக்க ஒரு வளையம். இரண்டாவது பொட்டலத்தின் நூலை அறுக்காமல் மெதுவாக உருவி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நூல் எப்போதும் உதவும்.

ஜனவரி 12, வெள்ளி.

தமஸ்கு வாசல். இதுவரை பார்த்ததில் இதுதான் அழகு. படிகள் கீழே இறங்குகின்றன, தலைக்கு மேலே கல்லில் வெட்டின கிரீடம் போல வேலைப்பாடு. படியெல்லாம் கடை. எள் ஒட்டின வளைய ரொட்டி, கீரைக்கட்டு, பிளாஸ்டிக் செருப்பு. கூட்டம் தோளில் இடித்துக்கொண்டு போகிறது.

இங்கேதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வாசலுக்கு வெளியே எண்ணும்போது "பதினாலு" என்று குரல் கொடுத்தவர், உள்ளே எண்ணும்போது இல்லை. அந்தக் குரலைச் சபையில் எல்லாருக்கும் தெரியும். பாடகர் குழுவில் அடிக்குரல் அவர்தான்.

நான் கூட்டத்தை முன்னால் விட்டுவிட்டு வளைவில் நின்றேன். என் காலால் எட்டு வைத்து அளந்தேன், பதினேழு எட்டு. ஒரு பக்கம் ஒருவன் செல்போன் உறை விற்கிறான், மறுபக்கம் கல். பதினேழு எட்டுக்குள் ஒரு மனிதர் மனைவி, பதினான்கு வயது மகள், எல்லாவற்றையும் விட்டுவிடலாம். நான் வீட்டில் மிக்சி ரிப்பேருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசிப்பேன்.

உள்ளே "இருபத்தாறு" என்று கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தரம் "இருபத்தாறு!" பிறகு ஜெபசிங் ஓடி வந்தான். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதி வைக்கிறேன், என் நோட்டிலேயே பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

"மைனி, இப்படிச் செய்யலாமா?"

"கால் வலிச்சுது தம்பி. இருபத்தேழு."

மதியம் அதே பொட்டலம், அதே கட்டு. கலியாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் திருநெல்வேலியில் ஒரு அல்வாக் கடையில் எட்டு வருஷம் பொட்டலம் கட்டியவர். வீட்டில் சர்க்கரைப் பையைக்கூட அப்படித்தான் கட்டி வைப்பார். அல்வாக் கடையில் வேலை பார்த்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள்.

வீட்டில் வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர் அவர். அதனால் நான் வேறு எதுவும் நினைக்கவில்லை.

ஜனவரி 13, சனி.

காலையில் ஏரோது வாசல் வழியாகப் போய்ச் சிங்க வாசல். சிங்கம் என்கிறார்கள், பார்த்தால் சிறுத்தை மாதிரி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பெதஸ்தா குளம். குளத்தில் தண்ணீர் இல்லை, பள்ளம்தான். முழங்கால் காரணமாக நானும் தங்கபாய் அக்காளும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டோம். தங்கபாய் அக்காள் எங்கள் தெருக்காரர், எழுபது வயது, இரண்டாம் தரம் வருகிறார். வாய் சும்மா இராது.

"போன தடவை எல்லாம் உள்ள உக்காத்தி வச்சு, இலை போட்டுல்லா சாப்பாடு போட்டாவ. இந்தத் தடவை என்னமோ பிச்சைக்காரனுக்குக் குடுக்க மாதிரி பொட்டலம். ஏன்னு கேளு ஜெபசிங்கட்ட."

கேட்கிறேன் என்றேன். அக்காள் போனை எடுத்துப் போன தடவைப் படங்களைக் காட்டினார். காகித இலை போட்ட நீள மேசை. நம் சபைக்காரர்கள் வரிசையாக. பாடகர் குழு மாஸ்டர். சபைக் காரியம் பார்க்கிற சேகரக் கமிட்டிக்காரர்கள் நாலு பேர். போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா. ஐயரவர்கள் நடுவில் நின்று ஜெபம் செய்கிறார், எல்லாரும் தலை குனிந்திருக்கிறார்கள். ஓரத்தில் சமையல் அங்கி கட்டின ஒருவர் கையில் சாம்பார் வாளி.

அக்காளின் விரல் படக்கென்று அடுத்த படத்துக்குத் தள்ளியது. "இது சவக்கடல்" என்றார்.

"அழகா இருக்குக்கா" என்றேன்.

அந்த ஒரு நொடியில் எண்ணிவிட்டேன். கிருபாபுரத்தார் மட்டும் பதினாறு முகம். படம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. பதினாறு பேரும் ஊர் திரும்பி, ஞாயிறுதோறும் எனக்கு "ஸ்தோத்திரம் டீச்சர்" சொல்லி, பெனிட்டாவுக்கு வரன் பார்க்கிறேன் என்று என் வீட்டில் காபி குடித்தவர்கள்.

பிற்பகல் ஒலிவ மலையிலிருந்து பொன் வாசலைக் காட்டினார்கள். கிழக்கு வாசல். எட்டில் இது ஒன்றுதான் கல் வைத்து அடைத்தது, பல நூறு வருஷமாக. முன்னால் முழுக்கக் கல்லறை. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெபசிங்கை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"தம்பி, பதினாலு எங்க?"

"என்ன மைனி?"

"பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சு வருது. கணக்கு டீச்சர்ட்ட உன் கணக்கைக் காட்டாத."

அவன் அழுதான். ஐம்பது வயது ஆள். "அந்த நம்பர வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரல மைனி. அண்ணன் சத்தியம் வாங்கிட்டான், சொல்லப்புடாதுன்னு."

"எத்தனை வருஷமா தெரியும்?"

"ஒம்பது."

ஒன்பது கிறிஸ்துமஸ். ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்கு வந்து, "அண்ணன் எங்க இருக்கானோ" என்று பெருமூச்சு விட்டு முறுக்குத் தின்றவன். எனக்கு அவனை அடிக்கத் தோன்றியது. பிரம்பு இல்லை.

"நாளைக்கு நான் அங்க போணும்" என்றேன். "எந்த வாசல்?"

"புது வாசல்."

ஜனவரி 14, ஞாயிறு.

ஊரில் இன்று பொங்கல். இங்கே மழை.

மற்றவர்களைக் குப்பை வாசல் பக்கம் அனுப்பிவிட்டு ஜெபசிங் என்னைக் கூட்டிப்போனான். புது வாசல் பெயருக்கேற்றபடி பிற்காலத்தில் திறந்தது. அதற்கு வளைவு கிடையாது. வெளியே நின்றாலே உள்ளே தெரு நேராகத் தெரிகிறது.

விடுதியின் பின்கட்டு, சமையலறை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. தொப்பை போட்டிருக்கிறது. நான் இளைத்திருக்கிறேன்.

கத்தி நின்றது. "எப்சி" என்றார். அந்த அடிக்குரல் அப்படியே இருக்கிறது.

பதினொரு வருஷமாகக் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் இருந்தன. ஏன், எப்படி, நான் என்ன செய்தேன். வாயில் வந்தது வேறு.

"சாம்பார்ல ஏன் வெல்லம் போடுதிய?"

"வடநாட்டுக்காரங்களும் வருவாங்கல்லா. எல்லாருக்கும் ஒத்துக்கிடணும்." பிறகு, "உக்காரு. கால் வலின்னு ஜெபசிங் சொன்னான்."

உட்கார்ந்தேன். வீட்டைப் பற்றிக் கேட்டார். பின்னால் இருந்த முருங்கை இன்னும் இருக்கிறதா? புயலில் போயிற்று என்றேன். கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்பா? ஆமாம். பாடகர் குழுவில் அடிக்குரல் இப்போது யார்? யாரும் சரியில்லை என்றேன். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"பெனிட்டாவுக்குக் கல்யாணம்" என்றேன்.

"ஜெபசிங் சொன்னான்."

நான் காத்திருந்தேன். மாப்பிள்ளை யார், எந்த ஊர், பிள்ளை எப்படி இருக்கிறாள், உயரமா, இன்னும் நகம் கடிக்கிறாளா, ஏதாவது ஒன்று. அவர் வெங்காயத் தோலை ஒதுக்கிக் கூட்டினார். ஹீட்டரின் மேல் ஏதோ குழந்தையின் கம்பளிக் குல்லா காயப் போட்டிருந்தது, ரோஸ் நிறம், உச்சியில் ஒரு பந்து. விடுதிக்கு எத்தனையோ பேர் வந்து போவார்கள்.

அட்டை விஷயத்தைச் சொன்னேன். ஓலை, ஐயரவர்கள், நாலு புள்ளி, எல்லாம்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "எப்சி, நான் சொல்லுததக் கேளு. காலஞ்சென்றன்னு போட்டுரு. எனக்கும் லேசு, உனக்கும் லேசு. மனசார சொல்லுதேன்."

"மனசாரவா?"

"எல்லாருக்கும் அதான் நல்லது."

தாராளம்தான். தன் சாவை எனக்குச் சீதனமாகக் கொடுக்கிறார்.

எழுந்தேன். அவர் ஒரு பொட்டலம் கட்டினார். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மேலே வளையம். விரல்கள் இன்னும் வேகம். "சக்கரைப் பொங்கல். இன்னைக்குப் பொங்கல்லா" என்றார். வாங்கிக்கொண்டேன். வாசல் வரைக்கும் வரவில்லை. வாசலில் யாராவது பார்ப்பார்களாம்.

பொங்கலை பஸ்ஸில் ஜெபசிங்கிடம் கொடுத்துவிட்டேன். தின்றான்.

ஜனவரி 15, திங்கள்.

இன்று குப்பை வாசல். எட்டு வாசலும் பார்த்தாயிற்று. எண்ணின இடத்திலெல்லாம் இருபத்தேழு என்று சொன்னேன்.

ஜனவரி 17, புதன். கிருபாபுரம்.

காலையில் வந்து சேர்ந்தேன். பெனிட்டா தோசை வார்த்து வைத்திருந்தாள். நான் இரண்டாவது தோசையில் இருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறை, நரை, பதினாறு பேர். குல்லாவைச் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

அவள் அடுப்பை அணைத்தாள். முதலிலிருந்தே "காலஞ்சென்ற" போட்டுவிடலாம் என்று சொல்லி வந்தவள் அவள்தான். யாரு போய்க் கேக்கப் போறா என்பாள். இப்போது வேறொன்று கேட்டாள்.

"எம்மா. என்னையப் பத்திக் கேட்டாவளா?"

நான் சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னேன். "கேட்டாவ."

"என்ன கேட்டாவ?"

"இன்னும் நகம் கடிக்கியான்னு கேட்டாவ. உசரமா இருக்கியான்னு கேட்டாவ. மாப்பிள்ளை எந்த ஊருன்னு கேட்டாவ. ரொம்ப நேரம் உன்னையப் பத்திதான்."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். என் மகள் அழுது நான் கடைசியாகப் பார்த்தது பதினொரு வருஷத்துக்கு முன்னால்.

"அப்ப உசுரோடயே இருக்கட்டும்மா. பேரப் போடு."

மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் செய்தேன். ஆள் இருக்கிறார், எருசலேமில் சமையல் செய்கிறார், மேடைக்கு வரமாட்டார், பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். இதற்காகப் பெண்ணின் வாழ்க்கை போனால் என்ன செய்வேன்?

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். "எங்களுக்குப் போன வருஷமே தெரியும் டீச்சர். நீங்களா எப்ப சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தோம்."

சரி என்று போனை வைத்தேன்.

அச்சகத்துக்குப் போய் நாலு புள்ளி இருந்த இடத்தில் எழுதிக் கொடுத்தேன். திரு. இன்பராஜ், எருசலேம். அச்சகக்காரர் இரண்டு தரம் படித்தார். "ஊர் பேரும் போடணுமா டீச்சர்?" எல்லாருக்கும் ஊர் போடுகிறோமே, அவருக்கு மட்டும் என்ன என்றேன்.

ஜெபசிங் சாயங்காலம் ஓடி வந்தான். "அண்ணன் கெஞ்சுதான் மைனி. போட வேண்டாம்ங்கான். அங்க அவனுக்குச் சிக்கல் வரும்." இருக்கட்டும். செத்துப்போகிற சௌகரியத்தை அவருக்கு நான் கொடுப்பதாக இல்லை.

ஜனவரி 21, ஞாயிறு.

முதல் ஓலை.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். வழக்கமாகப் பின்னால் உட்காருவேன். ஐயரவர்களிடம் காலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொய் இல்லையே ஐயரே?" என்றேன். "இல்லம்மா" என்றார். என்னை அங்கே அனுப்பிவைத்தது நல்ல மனதோடுதான் என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, என்னைக் கடல் தாண்ட வைத்தார்.

பாட்டு முடிந்ததும் வாசித்தார். "கிருபாபுரம் சபையைச் சேர்ந்தவரும், தற்போது எருசலேம் நகரில் புது வாசல் அருகே வசிப்பவருமாகிய திரு. இன்பராஜ் அவர்களுக்கும், திருமதி எப்சிபா அவர்களுக்கும் குமாரத்தியாகிய பெனிட்டாவுக்கும்..."

நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். பாடகர் குழு மாஸ்டர் ஷூவைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா முக்காட்டைச் சரி செய்தார். தங்கபாய் அக்காளுக்கு இருமல். சேகரக் கமிட்டி வரிசையாகத் தலை குனிந்தது, போட்டோவில் சாப்பாட்டுக்கு முன்னால் குனிந்த மாதிரியே. பதினாறையும் எண்ணினேன். ஒருவரும் குறையவில்லை.

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் ஐயரவர்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தெரிந்ததைச் சொல்லிப் பழக்கமில்லாத சபை.

வெளியே வந்ததும் பெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. சின்ன வயதில் பரிசு வாங்கி வரும் நாளில் அப்படி இருப்பாள். கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். உறையின் மேல் அவள் கையெழுத்தில் "அப்பாவுக்கு", கீழே விடுதியின் விலாசம், ஜெபசிங்கிடம் கேட்டு வாங்கியது. உள்ளே அவளுடைய போட்டோ ஒன்று வைத்திருக்கிறாள். பின்பக்கம், "இப்போது நகம் கடிப்பதில்லை."

"வரமாட்டாவன்னு தெரியும்மா. ஆனா கேட்டாவல்லா. நீ தபாலாபீஸ்ல சேத்துருவியா?"

"நாளைக்கே சேத்துடுதேன்" என்றேன்.

அட்டை இந்த நோட்டுக்குள் இருக்கிறது. அவர் கேட்காத கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. ஓலைக்கு இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.